கால் அலைத் தாள் எந்த நிறத்துக்குக் கால் அலை? ஒளி முனைவாக்கக் கருவித் தொகுதி ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு, ஒளியின் முனைவாக்கம், அதாவது ஒளி அலை ஒரு குறித்த முறையில் அதிரும் தன்மை, பல ஆண்டுகளாகக் கரும்பலகையோடு முடிந்துவிடும் பாடமாகவே இருந்து வந்தது. இரண்டு முனைவாக்கித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்துச் சுழற்றி, வெளிச்சம் கூடுவதையும் குறைவதையும் காட்டிவிட்டு, மாலுசின் கோசைன் வர்க்க விதியை எழுதி, இரண்டு கணக்குகளைச் செய்வித்து அடுத்த அலகுக்குப் போய்விடுவோம். வெள்ளொளியில் எல்லா நிறங்களும் கலந்திருக்கும்போது அவற்றின் முனைவாக்கத்தை எப்படி அளப்பது என்று ஒரு பிள்ளை கேட்டால், அதற்குக் காட்டக்கூடிய கருவி எதுவும் எங்கள் ஆய்வுகூடத்தில் இருக்கவில்லை. ஆகவே "வெள்ளொளி உட்பட எந்த ஒளியினதும் முனைவாக்க நிலையை முழுமையாக அளக்கலாம்" என்ற விளம்பரத்தோடு ஒரு கருவித் தொகுதி இணையத்தில் விற்பனைக்கு வந்தபோது, அதை வாங்கிப் பார்த்தே ஆக வேண்டும் என்று தீர்மானித்தேன். ஒரு தவணை முழுவதும் அதைப் பயன்படுத்திய பின்னர், இதே தொகுதியையோ இதைப் போன்ற வேறொன்றையோ வாங்க எண்ணும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விலை 38,500 ரூபாய். தபாற் செலவு தனி. பழைய மாணவர் சிலரும் பெற்றோர் சிலரும் சேர்ந்து தந்த பணம் என்பதால், ஒவ்வொரு பொருளையும் எண்ணிப் பார்த்தே பொறுப்பேற்றேன். அறுபது சென்ரிமீற்றர் நீளமான அலுமினியத் தண்டவாளம் ஒன்று, பாகை குறிக்கப்பட்ட சுழல் சட்டங்களில் பொருத்திய முனைவாக்கித் தாள்கள் இரண்டு, அதேபோன்ற சட்டத்தில் கால் அலைத் தாள் ஒன்று, சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என நான்கு எல்.ஈ.டி. விளக்குகள், சிலிக்கன் ஒளி இருவாயி பொருத்திய உணரியும் அதன் இலக்கத் திரையும், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும், மில்லிமீற்றருக்கு 500 கோடுகள் கொண்ட கோணல் நெய்யரித் தாள் ஒன்று, திரவம் நிரப்புவதற்கான 20 சென்ரிமீற்றர்க் கண்ணாடிக் குழாய் ஒன்று, எட்டுப் பக்கக் கைந்நூல் ஒன்று ஆகியவை பெட்டிக்குள் இருந்தன. ஒன்றும் உடைந்திருக்கவில்லை.

கட்டமைப்பில் குறை சொல்வதற்கு அதிகம் இல்லை. தண்டவாளம் நேராக இருக்கிறது. சட்டங்கள் ஆடாமல் நிற்கின்றன. பாகைக் குறிகள் இரண்டு பாகைக்கு ஒன்றாக இருப்பதால் ஒரு பாகை வரை மதிப்பிட்டு வாசிக்கலாம். சுழற்றும் வளையத்தில் சிறு தளர்வு உண்டு என்பதால், எப்போதும் ஒரே பக்கமாகச் சுழற்றி வந்தே வாசிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பழக்கினேன். திருகுக் கணிச்சியில் பின்னடிப்பைத் தவிர்க்கும் அதே பழக்கம்தான். உணரியின் திரை நான்கு இலக்கம் காட்டுகிறது, மூன்றை நம்பலாம்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு கவலையையும் சொல்லிவிட வேண்டும். முனைவாக்கித் தாள்கள் எட்வின் லாண்ட் 1938 இல் உருவாக்கிய வகையைச் சேர்ந்தவை. பொலிவைனைல் அற்ககோல் தாளை ஒரு திசையில் இழுத்து நீட்டி அதில் அயடீனை ஏற்றுவார்கள். அயடீன் அணிவகுத்து நிற்கும் அந்தத் திசையில் அதிரும் ஒளி உறிஞ்சப்பட்டுவிடும். இத்தகைய தாள் ஈரத்தைத் தாங்காது. வாவியும் கடலும் இரு புறமும் இருக்கும் ஊரில், மழைக்காலத்தில் திறந்த அலுமாரிக்குள் வைத்தால் ஓரங்கள் வெளிறத் தொடங்கும். முன்னர் வாங்கிய தாள்களை நான் இப்படித்தான் இழந்தேன். இம்முறை எல்லாவற்றையும் மூடி இறுகும் பிஸ்கற் பேணி ஒன்றில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்திருக்கிறேன், இதுவரை பழுதில்லை.

முதல் நாள் செய்த சோதனை மிக எளியது. இரண்டு முனைவாக்கிகளையும் குறுக்காக நிறுத்தி, எந்த விளக்குக்கு எவ்வளவு ஒளி கசிகிறது என்று பார்த்தோம். சிவப்பிலும் பச்சையிலும் திரை ஏறத்தாழப் பூச்சியத்துக்கு வந்தது. நீலத்தில் சிறிதளவு எஞ்சியது. அயடீன் தாள்கள் ஊதா ஓரத்தில் முழுமையாகத் தடுப்பதில்லை என்பதால் அதை எதிர்பார்த்திருந்தேன். பிறகு, கைந்நூலில் "எந்த வெள்ளை விளக்கையும் பயன்படுத்தலாம்" என்று இருந்ததால், ஆய்வுகூடத்தில் கிடந்த பழைய இழை மின்குமிழை ஏற்றினோம். குறுக்காக நிறுத்திய தாள்களுக்கூடாகக் கண்ணுக்கு மங்கலான ஒரு ஊதாப் பொட்டு மட்டுமே தெரிந்தது. திரையிலோ, தாள்கள் இணையாக நின்றபோது காட்டிய அளவில் அரைவாசிக்கும் மேல் நின்றது. "மிஸ், கண்ணுக்கு இருட்டாக் கிடக்கு, மீற்றர் மட்டும் ஏன் இவ்வளவு காட்டுது?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தத் தவணையில் என் வகுப்பில் எழுந்த மிகச் சிறந்த கேள்வி அதுதான்.

விடை செந்நிறக்கீழ்க் கதிர்களில் இருக்கிறது. இழை மின்குமிழ் வெளிவிடும் சக்தியின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்ப் பகுதியிலேயே உள்ளது. சாதாரண சிலிக்கன் ஒளி இருவாயி ஏறத்தாழ 430 முதல் 1100 நனோமீற்றர் வரை உணரக்கூடியது. 900 நனோமீற்றர் அளவில்தான் அதன் உணர்திறன் உச்சம். அயடீன் தாளோ 800 நனோமீற்றருக்கு அப்பால் முனைவாக்கியாகவே தொழிற்படுவதில்லை, வெறும் கண்ணாடியைப் போல விட்டுவிடுகிறது. தாளுக்கு முனைவாக்க முடியாத அலைநீளங்களையே உணரி அதிகமாக எண்ணுகிறது. பல அலைநீளங்கள் கொண்ட ஒளியை அளக்கும்போது, மூலம் எதை வெளிவிடுகிறது, தாள் எதைத் தடுக்கிறது, உணரி எதை எண்ணுகிறது என்ற மூன்றையும் ஒன்றாகப் பார்க்காவிட்டால், கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை. கைந்நூலில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாணவருக்கான கருவியில் இது பெரிய குறை. நாங்கள் செப்புச் சல்பேற்றுக் கரைசலை ஒரு தட்டையான போத்தலில் நிரப்பி உணரிக்கு முன்னால் வைத்தோம். அந்த நீலக் கரைசல் அண்மைச் செந்நிறக்கீழ்ப் பகுதியை நன்றாக உறிஞ்சும் என்பதால், திரையின் எண் உடனே விழுந்தது. சிவப்பையும் அது கணிசமாகத் தின்றுவிடுவதால், அளவீட்டுக்கு எல்.ஈ.டி. விளக்குகளையே நம்புவது நல்லது.

இனிக் கால் அலைத் தாளுக்கு வருகிறேன். இந்தத் தொகுதியின் தகுதியும் தவறும் அங்கேதான் இருக்கின்றன.

ஓர் ஒளிக்கற்றையின் முனைவாக்க நிலையை முழுமையாகச் சொல்ல நான்கு எண்கள் போதும் என்று 1852 இல் பௌதிகவியலாளர் ஸ்ரோக்ஸ் காட்டினார். மொத்தச் செறிவு ஒன்று. கிடையாக அதிரும் ஒளிக்கும் நிலைக்குத்தாக அதிரும் ஒளிக்கும் உள்ள வித்தியாசம் மற்றொன்று. 45 பாகைக்கும் 135 பாகைக்கும் உள்ள வித்தியாசம் மூன்றாவது. அதிர்வுத் திசை சுழன்றுகொண்டே செல்லும் வலஞ்சுழி, இடஞ்சுழி வட்ட முனைவாக்கங்களுக்கு இடையிலான வித்தியாசம் நான்காவது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் பெரிதாகக் கவனிக்கப்படாதிருந்த இந்த எண்களை, 1940களில் நட்சத்திர வளிமண்டலங்களின் ஒளியைக் கணக்கிடுவதற்காகச் சுப்பிரமணியன் சந்திரசேகர் மீண்டும் எடுத்துக் கையாண்டார் என்பதை நான் வகுப்பில் சொல்லத் தவறுவதில்லை. இந்த எண்களின் அழகு என்னவென்றால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத கற்றைகள் சேரும்போது அவற்றின் ஸ்ரோக்ஸ் எண்களைச் சும்மா கூட்டிவிடலாம். வெவ்வேறு அலைநீளங்களும் அப்படித்தான் சேர்கின்றன. வெள்ளொளிக்கு நாம் அளக்கும் நான்கு எண்கள், அதிலுள்ள ஒவ்வொரு நிறத்தினதும் நான்கு எண்களின் கூட்டுத்தொகை.

முதல் மூன்றையும் முனைவாக்கித் தாளை மட்டும் சுழற்றி அளந்துவிடலாம். நான்காவதுக்குக் கால் அலைத் தாள் தேவை. அது இரட்டை முறிவுள்ள தாள். ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அதிரும் ஒளியில் ஒன்றை மற்றதைவிட அலைநீளத்தின் காற்பங்கு பின்தங்கச் செய்யும். இங்கேதான் எந்த அலைநீளத்தின் காற்பங்கு என்ற கேள்வி எழுகிறது. பொதுவாக விற்கப்படும் இவ்வகைத் தாள் 140 நனோமீற்றர் பின்தங்கலைத் தரும். அது 560 நனோமீற்றர்ப் பச்சைக்குச் சரியாகக் காற்பங்கு, அதாவது முழு அலைநீளத்தை 360 பாகையாகக் கொண்டால் 90 பாகை அவத்தை வித்தியாசம். அதே 140 நனோமீற்றர், 465 நனோமீற்றர் நீலத்துக்கு 108 பாகை. 630 நனோமீற்றர்ச் சிவப்புக்கு 80 பாகை மட்டுமே. பெட்டியிலோ கைந்நூலிலோ தாளிலோ எந்த அலைநீளம் என்று எழுதப்படவில்லை; "கால் அலை" என்று மட்டுமே இருக்கிறது.

கைந்நூல் சொல்லும் அளவீட்டு முறை இதுதான்: இரண்டாவது முனைவாக்கியை அசையாது வைத்து, அதற்கு முன்னாலுள்ள கால் அலைத் தாளை 22.5 பாகைப் படிகளாகச் சுழற்றி, எட்டு வாசிப்புகளை எடுத்து, தரப்பட்ட அட்டவணையில் இட்டால் நான்கு ஸ்ரோக்ஸ் எண்களும் கிடைக்கும். முறை நல்ல முறையே. ஆனால் அந்த அட்டவணை, தாளின் அவத்தை வித்தியாசம் 90 பாகை என்று எடுத்துக்கொண்டு ஆக்கப்பட்டது. விடை முன்கூட்டியே தெரிந்த ஒளியொன்றைக் கொடுத்து இதைச் சோதித்தோம். முதல் முனைவாக்கியை 45 பாகையில் நிறுத்தினால், வெளிவரும் ஒளி முழுவதும் தள முனைவாக்கம் பெற்றது, அதாவது ஒரே தளத்தில் அதிர்வது. முனைவாக்க அளவு 100 சதவீதம் வர வேண்டும். சிவப்பில் 81 சதவீதம் வந்தது, பச்சையில் 112, நீலத்தில் 137.

நூறைத் தாண்டிய முனைவாக்கம் இயற்கையில் இல்லை. முனைவாக்கம் பெற்ற பகுதி மொத்த ஒளியைவிட அதிகமாக இருக்க முடியாது. நீலத்தின் எண்ணைப் பார்த்தவுடனேயே பிள்ளைகள் தாங்கள் வாசித்ததில்தான் பிழை என்று நினைத்து மூன்று தடவை திரும்ப எடுத்தார்கள். மூன்று தடவையும் அதே எண்ணே வந்தது. அவர்கள் பிழை விடவில்லை.

அதைவிடக் கவலை தந்தது வெள்ளை விளக்கில் கிடைத்த விடை. அதில் 103 சதவீதம் வந்தது. ஆய்வுகூட வழு என்று எண்ணி எவரும் ஏற்றுக்கொள்ளக்கூடிய எண் அது. நீலத்தின் மிகையும் சிவப்பின் குறைவும் ஒன்றையொன்று ஈடுசெய்து, கருவி செம்மையாக இருப்பதுபோன்ற தோற்றத்தைத் தந்துவிட்டன. விற்பவர்களும் வெள்ளை விளக்கில் சோதித்துப் பார்த்தே திருப்தி அடைந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒளியில் நீலம் சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ இந்த ஈடுசெய்தல் குலைந்துவிடும். வெள்ளொளியில் அளவு சரியாக வருகிறது என்பதற்காக, அந்தத் தாள் எல்லா நிறத்துக்கும் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நல்ல வேளையாக, தாளின் உண்மையான அவத்தை வித்தியாசத்தை இதே தொகுதியைக் கொண்டே அளந்துவிடலாம். தாளை 45 பாகையில் இரு முனைவாக்கிகளுக்கும் நடுவில் வையுங்கள். முனைவாக்கிகள் குறுக்காக நிற்கும்போது ஒரு வாசிப்பும், இணையாக நிற்கும்போது ஒரு வாசிப்பும் எடுத்து, விளக்கை அணைத்துக் கிடைக்கும் இருள் வாசிப்பை இரண்டிலிருந்தும் கழித்துவிடுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது, அவத்தை வித்தியாசத்தின் அரைவாசிக் கோணத்தின் தான்சனின் வர்க்கம். சரியான கால் அலைத் தாளுக்கு இந்த விகிதம் ஒன்று. எங்களுக்குச் சிவப்பில் 0.68, பச்சையில் 1.28, நீலத்தில் 2.2 கிடைத்தன, கோணங்களாக முறையே 79, 97, 112 பாகை. வெறும் 140 நனோமீற்றர்க் கணக்கு நீலத்துக்கு 108 என்று சொல்ல, அளந்தபோது 112 வந்ததற்கும் காரணம் உண்டு: தாளின் இரட்டை முறிவே நீலப் பக்கம் போகப் போகச் சற்று அதிகரிக்கிறது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்த அளவீட்டைக் கைந்நூலின் முதற்பக்கத்தில் போட்டிருக்க வேண்டும்.

கோணம் தெரிந்துவிட்டால் மிச்சம் எளிது. கால் அலைத் தாளைச் சுழற்றும் முறையை விட்டுவிட்டு, முதல் மூன்று எண்களையும் அந்தத் தாளே இல்லாமல், முனைவாக்கியை 0, 45, 90, 135 பாகைகளில் வைத்து அளக்குமாறு பிள்ளைகளுக்குச் சொன்னேன். அப்போது அலைநீளம் பற்றிய கவலை அங்கே வராது. நான்காவது எண்ணுக்கு மட்டும் தாளைப் பூச்சியப் பாகையில் புகுத்தி, முனைவாக்கியை 45 இலும் 135 இலும் வைத்து இரண்டு வாசிப்புகள் எடுக்கிறோம். அவற்றின் வித்தியாசத்தில், மூன்றாவது எண்ணில் ஒரு பங்கு கலந்திருக்கும். அந்தப் பங்கு அவத்தை வித்தியாசத்தின் கோசைன். நீலத்தில் அது 0.37 என்பதால், வட்ட முனைவாக்கம் சிறிதும் இல்லாத 45 பாகை ஒளிக்கு 37 சதவீதம் வட்ட முனைவாக்கம் இருப்பதாகத் தோன்றும். மூன்றாவது எண்ணை ஏற்கெனவே தனியே அளந்திருப்பதால் அந்தக் கலப்பைக் குறியுடன் கழித்து, எஞ்சியதைச் சைனால் வகுத்துவிடலாம். இப்படிச் செய்தபோது மூன்று நிறங்களிலும் முனைவாக்க அளவு 98 சதவீதத்துக்கும் 101 சதவீதத்துக்கும் இடையில் வந்தது. இந்த விலையில் இது மிக நல்ல பெறுபேறு.

எல்லா நிறத்துக்கும் ஒருசேரக் காற்பங்கு தரும் தகடு இல்லையா என்று கேட்கலாம், உண்டு. கண்ணாடிச் சாய்சதுரம் ஒன்றுக்குள் ஒளியை இரண்டு தடவை முழு அகத்தெறிப்படையச் செய்து, தடவைக்கு 45 பாகை வீதம் 90 பாகையைப் பெறும் வழியைப் பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் பிரெனல் கண்டார்; தடிப்பை அல்லாது தெறிப்பை நம்பியிருப்பதால் அது நிறத்துக்கு நிறம் மிகக் குறைவாகவே மாறும். 1955 இல், பெங்களூரில் சர் சி. வி. இராமனின் நிறுவனத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த அவரது சகோதரியின் மகன் பஞ்சரத்தினம், சாதாரண இரட்டை முறிவுத் தகடுகள் மூன்றைக் குறிப்பிட்ட கோணங்களில் அடுக்கினால் ஒன்றின் நிறப்பிழையை மற்றது பெருமளவு ஈடுசெய்யும் என்று காட்டினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்றளவில்தான். இன்றும் விலையுயர்ந்த அகலப்பட்டைத் தகடுகள் பல அந்த வழியிலேயே ஆக்கப்படுகின்றன. இத்தொகுதியில் ஒரு தாளுக்குப் பதிலாக மூன்று தாள்களைத் தந்திருந்தால் பிள்ளைகளே பஞ்சரத்தினத்தின் அடுக்கைக் கட்டிப் பார்த்திருக்கலாம். மேலதிகச் செலவு சில நூறு ரூபாய்களுக்குள் அடங்கியிருக்கும்.

கோணல் நெய்யரித் தாள் பெட்டியில் ஓர் ஓரத்தில் கிடந்தது. கைந்நூல் அதற்கு நான்கு வரிகள் மட்டுமே ஒதுக்கியிருந்தது. என் கணிப்பில் தொகுதியிலேயே மிகப் பெறுமதியான பொருள் அதுதான். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் சாதாரண ஒளிபுகு ஒட்டுநாடாவை ஒரே திசையில் இருபது அடுக்காக ஒட்டி, முனைவாக்கிக்குப் பின்னால் 45 பாகையில் வைத்து, வெள்ளை விளக்கை ஏற்றினோம். இரண்டாவது முனைவாக்கியை எப்படிச் சுழற்றினாலும் திரையின் எண் அசையவில்லை. கால் அலைத் தாளை வைத்துப் பார்த்தும் பெரிய மாற்றம் இல்லை. அளவீட்டின்படி அது முனைவாக்கமே இல்லாத ஒளி. இருபது அடுக்கு நாடா முனைவாக்கத்தை அழித்துவிட்டது என்று எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு இரண்டாவது முனைவாக்கியைக் குறுக்காக நிறுத்தி, விளக்கின் முன்னால் அட்டையில் வெட்டிய மெல்லிய நீள்துளை ஒன்றை வைத்து, உணரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நெய்யரியைப் பிடித்து ஒவ்வொருவராகக் கண்ணால் பார்க்கச் சொன்னேன். ஊதாவிலிருந்து சிவப்பு வரை விரிந்த நிறப்பட்டையின் குறுக்கே, மையால் கீறியதுபோல நான்கு கருங்கோடுகள் நின்றன. இரண்டாவது முனைவாக்கியைச் செங்கோணம் திருப்பியபோது, கோடுகள் இருந்த இடமெல்லாம் பிரகாசமாகி, பிரகாசமாக இருந்த இடங்கள் கருமையாகின. பின்வரிசையில் எப்போதும் பேசாமல் இருக்கும் ஒரு பையன் நெய்யரியைக் கையை விட்டுக் கொடுக்க மனமில்லாமல், திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அந்த நிறங்கள் ஒவ்வொன்றும் முழுமையாக முனைவாக்கம் பெற்றே இருந்தன. ஒன்று தள முனைவாக்கமாக, அடுத்தது நீள்வட்டமாக, அதற்கடுத்தது வட்டமாக, பின்னர் மறுபக்கச் சுழற்சியாக, அலைநீளத்தோடு நிலை மாறிக்கொண்டே போகிறது. எல்லாவற்றையும் ஒரே உணரியில் கொட்டியபோது, கூட்டல்களும் கழித்தல்களும் சேர்ந்து பூச்சியத்தில் வந்து நின்றன. முனைவாக்கம் அழியவில்லை, நிறங்களைப் பிரிக்காமல் அளந்த நாம்தான் அதைக் காணாமல் விட்டோம். அடுத்தடுத்த இரு கருங்கோடுகள் ஏறத்தாழ 500 இலும் 556 நனோமீற்றரிலும் நின்றன. இரண்டையும் பெருக்கி அவற்றின் வித்தியாசத்தால் வகுத்தால் ஏறத்தாழ 5000 நனோமீற்றர்; அது நாடா அடுக்கின் மொத்தப் பின்தங்கல். அடுக்கு ஒன்றுக்கு 250 நனோமீற்றர். தடிப்பான இரட்டை முறிவுத் தகடுகளால் நிறமாலையில் இத்தகைய கோடுகளை வேண்டுமென்றே எழுப்பி, ஒரே பதிவிலிருந்து எல்லா அலைநீளங்களினதும் ஸ்ரோக்ஸ் எண்களைப் பிரித்தெடுக்கும் முறையை 1999 இல் யப்பானிய ஆய்வாளர்களான ஓகாவும் கட்டோவும் வெளியிட்டார்கள். அசையும் பாகமே அதில் தேவையில்லை. ஒட்டுநாடாவில் பிள்ளைகள் கண்டது அதன் அடிப்படையைத்தான். ஒரு குறிப்பு: ஒட்டுநாடாக்கள் எல்லாம் இரட்டை முறிவு காட்டுவதில்லை. பளபளப்பில்லாத, மேலே பேனையால் எழுதக்கூடிய வகை இதற்குச் சரிவராது. கடைகளில் பொதி ஒட்டும் மலிவான பளபளப்பு நாடாவே நல்லது.

கண்ணாடிக் குழாயும் நன்றாகப் பயன்பட்டது. ஹிங்குரானைச் சீனித் தொழிற்சாலையின் பெயரை அம்பாறை மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. உலகெங்கும் சீனித் தொழிலில் கரைசலின் வெல்ல அளவை அறிவதற்கு முனைவாக்கமானியையே பயன்படுத்துகிறார்கள். 26 கிறாம் தூய சுக்குரோசை நீரில் கரைத்து 100 மில்லிலீற்றர் ஆக்கி, 20 சென்ரிமீற்றர்க் குழாயில் நிரப்பினால், சோடியத்தின் 589 நனோமீற்றர் மஞ்சள் ஒளியின் அதிர்வுத் தளம் 34.6 பாகை திரும்பும். சருவதேசச் சீனி அளவுத்திட்டத்தின் நூறு என்ற குறி இதுதான். கடையில் வாங்கிய வெள்ளைச் சீனியில் நாங்கள் செய்தபோது, சிவப்பு 30 பாகையும் பச்சை 44 பாகையும் நீலம் 58 பாகையும் திரும்பின. ஒரு பாகை முன்பின்னாக இருக்கலாம். வெள்ளை விளக்கில் எந்தக் கோணத்திலும் ஒளி அணையவில்லை. மங்கும் இடத்துக்கு அண்மையில் நீலமும் ஊதாவும் செம்மையும் மாறி மாறி வந்தன. இந்த மூன்று நிறங்களும் சம செறிவில் கலந்திருந்தால் மொத்தத்தின் முனைவாக்க அளவு 92 சதவீதம் என்று கணக்கு வரும், ஒவ்வொரு நிறமும் தனித்தனியே நூறாக இருந்தபோதிலும். குழாயின் மூடிகளை மட்டும் மெதுவாகத் திருக வேண்டும். இறுக்கினால் முகப்புக் கண்ணாடி தகைப்புக்கு உள்ளாகி, அதுவே இரட்டை முறிவைக் காட்டத் தொடங்கிவிடுகிறது.

முனைவாக்கித் தாள் ஒன்றைக் கல்லடிப் பாலத்தடிக்கும் கொண்டுபோனோம். அது மார்ச் மாதம். பிற்பகல் மூன்றே முக்கால் அளவில் சூரியன் அடிவானத்திலிருந்து 37 பாகை உயரத்தில் நிற்கும்போது, வாவி நீரில் தெறித்து வரும் வெயிலின் படுகோணம் 53 பாகை, அதாவது தெறிக்கும் ஒளி முழுமையாகத் தள முனைவாக்கம் பெறும், நீரின் புறூஸ்ரர் கோணம். தாளைச் சுழற்றியபோது வாவியின் மினுக்கம் முழுவதும் ஒருசேர மறைந்து, கரையோரத்து நீருக்குள் கிடந்த பாசி தெளிவாகத் தெரிந்தது. எந்த நிறமும் பின்தங்கி நிற்கவில்லை. நீரின் முறிவுச் சுட்டி சிவப்பிலிருந்து நீலம் வரை மிகச் சிறிதே மாறுவதால், அந்தக் கோணமும் ஒரு பாகையின் சிறு பின்னமளவே மாறும். இதைக் கண்ட பிறகே, பின்புறம் கறுப்புப் பூசிய சன்னற் கண்ணாடித் துண்டொன்றை ஏறத்தாழ 57 பாகையில் நிறுத்தி, எல்லா நிறத்துக்கும், செந்நிறக்கீழ்க் கதிருக்கும்கூடப் பொதுவான ஒப்பீட்டு முனைவாக்கியாக ஆய்வுகூடத்தில் பயன்படுத்தத் தொடங்கினேன். பெட்டியில் இல்லாத, செலவே இல்லாத இந்தத் துண்டு, பெட்டியிலுள்ள தாள்களைச் சரிபார்க்க உதவுகிறது.

சேவையைப் பற்றியும் எழுத வேண்டும். கால் அலைத் தாள் எந்த அலைநீளத்துக்கு ஆக்கப்பட்டது என்று விற்பனையாளரிடம் மூன்று தடவை எழுத்தில் கேட்டேன். முதல் இரண்டுக்கும் பதிலில்லை. மூன்றாவதற்கு, தாள் தரமானது என்றும் தேவையானால் வேறு தாள் அனுப்பலாம் என்றும் பதில் வந்தது. தாள் தரமற்றது என்பதல்ல என் முறைப்பாடு. ஓர் எண்ணை எழுதாமல் விட்டதால், பிழையான எண்களைச் சரியென நம்பும் நிலைக்குப் பிள்ளைகள் தள்ளப்படுகிறார்கள். எட்டுப் பக்கக் கைந்நூலைத் திருத்துவது பெரிய வேலையுமல்ல.

இத்தனைக்குப் பின்னரும், உயர்தர வகுப்புக்கு இதை வாங்கலாம் என்றே சொல்வேன். தனித்தனி எல்.ஈ.டி. விளக்குகளோடும் நெய்யரியோடும் பயன்படுத்தினால் இந்த விலைக்கு இது நிறையவே தருகிறது. அம்பாறைப் பக்கத்துப் பாடசாலைகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒன்றை வாங்கி மாறி மாறிப் பயன்படுத்துவதும் நடக்கக்கூடிய காரியமே. கூரை விளக்கையோ பகல் வானத்தையோ நோக்கிப் பிடித்து ஒரே எண்ணில் முனைவாக்கத்தைப் பெற்றுவிட எண்ணி வாங்குபவர்களுக்கு மட்டும் இது ஏற்றதல்ல.

எங்கள் பேணியின் மூடிக்கு உள்ளே இப்போது ஒரு வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் தாங்கள் அளந்த மூன்று கோணங்களையும் அளந்த திகதியையும் நீல மையால் அதில் எழுதியிருக்கிறார்கள்: சிவப்பு 79, பச்சை 97, நீலம் 112. அடுத்த தவணையில் புதிய வகுப்பு அளந்து, தங்கள் எண்களை அதற்குக் கீழே எழுதுவதற்கு இடம் விட்டிருக்கிறார்கள்.